கப்பல் சோறு கரைக்கு வரலாமா?

நமது கரையில் வாழும் பெண்களுக்குக் கடல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது 2004 டிசம்பர் 26 ஆம் திகதிதான். கப்பல் என்றால், 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட பின்னர் திருகோணமலைக்கும் வடக்குக்கும் இடையே மக்கள் பட்ட பாடுதான் நினைவுக்கு வரும். உல்லாசமாக ஊர் பார்ப்பதற்கென்றே ஆயிரக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் சுற்றி வருகின்றன என்பது நம்மில் பலருக்குப் புதினமான செய்தியாக இருக்கலாம்.

அத்தகைய கப்பல்கள் இலங்கைக்கும் வருகின்றன. கொழும்பு, அம்பாந்தோட்டை, திருகோணமலை ஆகிய துறைமுகங்களில் அவை தரிக்கின்றன. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நமது நாட்டைச் சுற்றி வந்தது. நமது ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டாலும், மணல் மூடியதால் அங்கு இப்படியான கப்பல்கள் வர வழியில்லை.

கப்பல் துறைமுகத்தில் தரித்ததும் பயணிகள் காலையில் இறங்கி, பகல் முழுவதும் ஊர் சுற்றிவிட்டு மாலையில் திரும்பி ஏறுவார்கள். கப்பலில் மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. அதற்கான பணத்தை அவர்கள் முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். ஆகவே இறங்கும்போது இரண்டு பாண் துண்டு, ஒரு வாழைப்பழம், ஒரு அவித்த முட்டை என்று பையில் போட்டுக்கொண்டால் பகல் சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்று சிலர் எண்ணுவார்கள். நாமும் அப்படித்தான் எண்ணியிருப்போம். ஆனால் பல கப்பல்களில் அதற்கு அனுமதி இல்லை. "கப்பல் உணவைக் கரைக்குக் கொண்டு செல்லாதீர்கள்" என்று அறிவித்தல் செய்வார்கள்.

இது கஞ்சத்தனமா? இல்லை. இதற்கு இரண்டு வலுவான காரணங்கள் உண்டு. கப்பலையே காணாத நமக்கும் அந்த இரண்டிலும் பாடம் இருக்கிறது.

ஒரு பழத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து

முதல் காரணம் பயிரும் கால்நடையும் பற்றியது. பழ ஈ என்ற பூச்சி பழத்தின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். வெளியே பார்த்தால் பழம் நல்ல பழம்தான். அதைக் கடித்துப் பார்த்தவர் புழுவைக் கண்டு கரையோரத்தில் எறிந்துவிடுவார். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி, ஈயாகப் பறந்து வெளியே வரும். அந்த நாட்டில் அதுவரை இல்லாத பூச்சி அன்றிலிருந்து அங்கே குடியேறிவிடும்.

இதனால்தான் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் மிகவும் கண்டிப்பாக இருக்கின்றன. நியூசிலாந்தில் ஒரு அப்பிள் பழத்தை அறிவிக்காமல் கொண்டுவந்தாலும் 400 டொலர் தண்டம் அந்த இடத்திலேயே விதிக்கப்படும். பயணிகளின் பைகளை மோப்ப நாய்களும் பரிசோதிக்கும். தொழிற்சாலையில் மூடி முத்திரையிட்ட பிஸ்கட், இனிப்பு போன்றவற்றைப் பெரும்பாலும் விடுவார்கள். ஆனால் அவற்றையும் கேட்டால் சொல்ல வேண்டும். பழம், காய்கறி, இறைச்சி, முட்டை, பால் பொருள் என்றால் கரைக்கு இறங்க முடியாது.

உணவு மிச்சத்தால் வந்த அழிவுக்கு 2001 இல் பிரித்தானியாவில் நடந்தது பெரிய சான்று. கோமாரி எனப்படும் கால்வாய் நோய் அங்கே பரவியது. சரியாகக் கொதிக்க வைக்காத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குத் தீனியாகப் போட்டதிலிருந்தே அது தொடங்கியது என்று கருதப்பட்டது. நோயை நிறுத்த 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. இரண்டு மாட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணுக்கு இப்படியொரு நோய் என்னவாகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நமது நாடும் இதற்கு விலக்கல்ல. மத்திய அமெரிக்காவுக்குரிய பப்பாசி வெண்மூட்டுப் பூச்சி 2008 இல் இலங்கையில் காணப்பட்டது. பப்பாசி மட்டுமன்றி மரவள்ளி முதலிய வேறு பயிர்களையும் அது பாதித்தது. வெளியிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறிய குளவி இனத்தை விட்ட பிறகே அது கட்டுக்குள் வந்தது. 2018 இன் பிற்பகுதியில் நமது அம்பாறை மாவட்டம் உட்படப் பல இடங்களில் சோளச் சேனைகளைப் படைப்புழு தின்று தீர்த்ததை விவசாயக் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் புழுவின் அந்துப்பூச்சி தானாகவே நெடுந்தூரம் பறக்கக்கூடியது. என்றாலும் புதிய பூச்சி ஒன்று வந்து சேர்ந்தால் ஏழை விவசாயியின் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அது காட்டிவிட்டது.

நமது நாட்டிலும் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே பார்த்த அழகான செடி, விதை, கிழங்கு, மண் ஒட்டிய வேர் ஆகியவற்றை அனுமதியின்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வராதீர்கள். ஆசைக்குக் கொண்டுவரும் ஒரு செடி அயலவர் தோட்டத்துக்கு நோயாக வந்து சேரலாம்.

எட்டு மணித்தியாலச் சோறு

இரண்டாவது காரணம் நமது அடுப்படிக்கு இன்னும் நெருக்கமானது. காலையில் எடுத்த உணவு, வெயிலில் பையில் கிடந்து, பகலில் உண்ணப்படும்போது நஞ்சாகியிருக்கலாம். கப்பலில் வயிற்றோட்டம் தொடங்கினால் ஒருவரோடு நிற்காது. அதனால்தான் அமெரிக்காவில் 1975 முதல் கப்பல்களின் சுகாதாரத்தைப் பரிசோதிக்கவென்றே தனித் திட்டம் நடைபெறுகிறது.

இப்போது நமது வீட்டுக்கு வருவோம். பிள்ளைக்குப் பாடசாலைச் சுற்றுலா. பஸ் விடிய 5 மணிக்குப் புறப்படும். தாய் 3 மணிக்கு எழும்பிச் சோறாக்கி, பருப்பும் கறியும் தேங்காய்ச் சம்பலும் வைத்து, சூட்டோடு பார்சல் கட்டிக் கொடுத்து விடுகிறாள். பிள்ளை அதை உண்பது பகல் ஒரு மணிக்கு. கட்டியதிலிருந்து எட்டு மணித்தியாலம்! அவ்வளவு நேரமும் அந்தச் சோறு சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. கிருமி பெருகுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

சமைத்த உணவை 5 பாகை செல்சியசுக்குக் கீழே குளிராகவோ, 60 பாகைக்கு மேலே சூடாகவோ வைக்க வேண்டும் என்றும், சாதாரண வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சோற்றில் தங்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. ஆறும்போது அது முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. "சுட வைத்தால் சரி" என்ற நமது எண்ணம் இங்கே பலிக்காது. கையில் உள்ள புண், மூக்கைத் தொட்ட விரல் ஆகியவற்றிலிருந்து சேரும் கிருமியும் இப்படித்தான்.

அப்படியானால் பயணத்துக்கு என்ன கட்டுவது?

• ஈரம் குறைந்த உணவே நல்லது. ரொட்டி, பாண், எண்ணெயில் நன்றாக வதக்கிய சீனிச் சம்பல், முறுகப் பொரித்த மீன், புளிச்சோறு ஆகியவை ஓரளவு தாங்கும். இவற்றையும் வெயிலில் வைக்காமல், நேரத்தோடு உண்ண வேண்டும்.

• தேங்காய்ப் பால் ஆணம், சொதி, பச்சைத் தேங்காய்ச் சம்பல், பருப்பு, வெட்டிய பழம், பால் பலகாரம் ஆகியவற்றை நீண்ட பயணத்துக்குக் கட்டாதீர்கள்.

• சோறு கட்டுவதானால் புறப்படும் நேரத்துக்குக் கிட்டவாகச் சமையுங்கள். முதல் நாள் மிஞ்சிய சோற்றைக் கலக்க வேண்டாம்.

• பழம் கொடுத்தால் முழுப் பழமாக, தோலுரித்து உண்ணும் வாழைப்பழம், தோடம்பழம் போன்றதைக் கொடுங்கள்.

• ஒரு போத்தல் தண்ணீரை முதல் நாள் உறைய வைத்துச் சாப்பாட்டோடு வைத்தால் உணவும் குளிரும், பின்னர் குடிக்கவும் ஆகும்.

• கை கழுவச் சிறு சவர்க்காரத் துண்டையும் பையில் வையுங்கள்.

அப்படியும் வயிற்றோட்டம் வந்துவிட்டால், ஜீவனிப் பொதியை அதில் குறிப்பிட்ட அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கரையில் இருக்கும் பெண்ணுக்கு வரும் வாய்ப்பு

கப்பல் சோறு கரைக்கு வரக்கூடாது என்றால் பயணி பகலில் என்ன உண்பார்? கரையில் உள்ளவர் சமைத்ததைத்தான் உண்ண வேண்டும். இந்த இடத்தில்தான் நமக்கு ஒரு வாசல் திறக்கிறது.

கப்பல் பயணிகள் கல்முனைக்கு வருவது அரிது. ஆனால் பொத்துவில், அறுகம்பைக்குப் போகும் உல்லாசப் பயணிகள் ஏப்ரல், மே தொடக்கம் ஒக்டோபர் வரை வருகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து அங்கு செல்லும் ஏ-4 பாதை கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஊடாகத்தான் போகிறது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்களும், பாடசாலைச் சுற்றுலாப் பிள்ளைகளும் இதே கரையால் போகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பகல் சாப்பாடு தேவை.

கணவனை இழந்து, குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் சகோதரிகள் பலர் சோத்துப் பார்சலையும் இடியப்பத்தையும் நம்பியே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். பெரிய முதலீடு தேவையில்லாத தொழில் இது. ஆனால் ஒரேயொரு நாள் ஒரு பார்சல் பழுதாகிப் போனாலும், பல வருடமாகச் சேர்த்த பெயர் ஒரு பொழுதில் போய்விடும். ஆகவே கப்பல்காரர் காட்டும் கண்டிப்பை நாமும் கைக்கொள்வோம்.

எத்தனை பார்சல் தேவை என்பதை முதல் நாளே கேட்டு அந்த அளவுக்குச் சமையுங்கள். பார்சலின் மேல் கட்டிய நேரத்தையும் எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். நமது சம்பலில் மாசி போடுவது நமக்குப் பழக்கம். சைவ உணவு உண்பவருக்கு அது தெரியாது. மீன், முட்டை, கச்சான் ஆகியவை சிலருடைய உடம்புக்கு ஒத்துவராமல் உயிருக்கே ஆபத்தாகலாம். ஹலால் உணவைத் தேடி அலையும் முஸ்லிம் பயணிக்கு நமது ஊர்ச் சமையல் பெரும் ஆறுதல். அதையும் எழுதி ஒட்டலாம்.

பணத்தைத் தொட்ட கையால் சோற்றைத் தொடாதீர்கள். புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள். வயிற்றோட்டம் உள்ளவர் அன்று சமைக்கக்கூடாது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய், என்ன பதிவு தேவை, என்ன மருத்துவப் பரிசோதனை தேவை என்று நீங்களாகவே கேளுங்கள். பி.எச்.ஐ. மாத்தயா வந்தால் ஒளிவதை விட, நாமே முன்னே போவது மரியாதை.

சுற்றிய தாளும் நமது பொறுப்பே

சோற்றைச் சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற்றும், ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரில் தடை செய்யப்பட்டன. பத்திரிகைத் தாளில் சூட்டுணவைச் சுற்றினால் அச்சு மை உணவில் ஒட்டும். நமது வாழையிலை இருக்கிறது. நெருப்பில் இலேசாக வாட்டினால் கிழியாமல் மடியும், மணமும் சேரும்.

எறிந்த சுற்றுத்தாள் எங்கே போகிறது என்பதை நமது மாவட்டமே உலகுக்குக் காட்டியது. அம்பாறை பள்ளக்காடு குப்பை மேட்டில் உணவு மணத்துக்கு வந்த காட்டு யானைகள் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கின. எட்டு வருடத்துக்குள் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. கடற்கரையிலோ காட்டோரத்திலோ உண்டால், மிச்சத்தையும் தாளையும் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வருவதைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

அன்புச் சகோதரிகளே! போரும் கடலும் நம்மிடமிருந்து பறித்தவை ஏராளம். கைப்பக்குவத்தை மட்டும் எதனாலும் பறிக்க முடியவில்லை. அந்தக் கைப்பக்குவத்தோடு சுத்தமும் நேரமும் சேர்ந்தால், நமது சோறு எந்த ஊராருக்கும் அச்சமின்றிக் கொடுக்கக்கூடிய சோறாகும். அடுத்த முறை பார்சல் கட்டும்போது ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: "இதை எத்தனை மணிக்கு உண்பார்கள்?" அதற்கு விடை தெரிந்த பின் கட்டுங்கள்.