ஓடும் காலத்தைக் காட்சிக்கு வைத்தல்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1910-இல் தொடங்கப்பட்டு இன்று திருக்கோகர்ணத்தில் இயங்கிவரும் அரசு அருங்காட்சியகத்தில், செப்புத் திருமேனியும் பழங்காசும் எந்தக் காலத்தவை என்பதைப் பார்வையாளர் அருகிலுள்ள குறிப்பட்டையைப் படித்தே அறிகிறார். ஒளிப்பதிவையே கலைப்பொருளாகக் கொண்ட காணொளிக் கலையிலோ, பார்வையாளர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதும் படைப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

ஜீபேஷ் பாக்சி, மோனிகா நருலா, சுத்தபிரதா சென்குப்தா ஆகிய மூவரும் 1992-இல் டெல்லியில் தொடங்கிய ராக்ஸ் மீடியா கலெக்டிவ் என்னும் குழு, காலத்தைத் தொடர்ந்து தன் பொருளாக எடுத்தாண்டு வந்திருக்கிறது. கல்கத்தாவில் நில அளவைத் துறையினர் ஓர் அறையில் குனிந்து வேலை செய்வதைக் காட்டும் 1911-ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்றை இக்குழு 2011-இல் சில நிமிடக் காணொளியாக்கியது. முதற்பார்வைக்கு அது வெறும் பழைய படமாகவே தோன்றும். பொறுத்து நிற்பவருக்கு மின்விசிறி சுழல்வதும், வரைபலகையில் விண்மீன்கள் முளைப்பதும், பிற்பகல் ஒளியில் நீலம் படர்வதும் புலப்படும். படம் முடிந்த இடத்திலேயே மீண்டும் தொடங்குவதால், திரையரங்கில் தாமதமாக நுழைந்தவருக்கு நேரும் இழப்பு இங்கே எவருக்கும் இல்லை. பேரரசுக்காக நிலத்தை அளந்தவர்களின் ஓய்வற்ற ஒரு பிற்பகலை முடிவில்லாமல் நீட்டியதில் மெல்லிய குறும்பும் உண்டு.

கிறிஸ்டியன் மார்க்லேயின் 'தி கிளாக்' வேறு வகையானது. கடிகாரமோ நேரமோ இடம்பெறும் ஆயிரக்கணக்கான திரைப்படத் துணுக்குகளைக் கோத்து 24 மணி நேரத்துக்கு அமைக்கப்பட்ட அப்படைப்பு, உள்ளூர் நேரத்தோடு இணைத்தே ஓட்டப்படுகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு நுழைபவர் திரையிலும் மூன்று மணியையே காண்கிறார். 2011-இல் வெனிஸ் கலைவிழாவில் தங்கச் சிங்க விருது பெற்ற அது வியக்கத்தக்க உழைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரே புகைப்படத்துக்குள் தங்கி நிற்கும் கல்கத்தாக் காணொளியே காலத்தைக் கூடுதல் ஆழத்தோடு தொடுகிறது எனலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இத்தகைய முயற்சிக்கு ஏற்ற பொருள் சித்தன்னவாசல். பாண்டியர் காலமான ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் அக்குடைவரைச் சமண ஓவியங்கள் 1920-ஐ ஒட்டி அறிஞர் கவனத்துக்கு வந்தன. அவற்றில் தீட்டப்பட்டுள்ள தாமரைக் குளத்தின் வண்ணங்கள் இன்று பெரிதும் மங்கியும் உதிர்ந்தும் காணப்படுகின்றன. அறிஞர் கவனத்துக்கு வந்த காலந்தொட்டு எடுக்கப்பட்ட புகைப்படங்களையும் தீட்டப்பட்ட பிரதிகளையும் ஆண்டு வரிசையில் பொருத்தி ஒரே சட்டகத்தில் மெதுவாக ஓடவிட்டால், குறிப்பட்டை சொல்லாத தேய்மானம் கண்ணெதிரே நிகழும். அதற்கு ஓர் இருண்ட அறையும் உட்கார இரண்டு பெஞ்சுகளும் போதும்.