பெயர் மாறும், மைதானம் மாறாது!

(பத்தாம் வகுப்பு மாணவி)

கிரிக்கெட் என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்திய அணியும் சென்னைச் சேப்பாக்கமுமே. ஆனால் மரத்திற்கு வேர் போலப் பெரிய அணிகளுக்கு ஆதாரமாக விளங்குபவை சிறிய அணிகளே. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்திற்குச் சிறு நகரங்களிலும் இத்தகைய அணிகளும் மைதானங்களும் உண்டு. நம் தாமிரபரணிச் சீமையிலும் அப்படியொரு வரலாறு இருப்பதை அறிவீர்களா, தோழியரே?

திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரைச் சாலையில் உள்ளது தாழையூத்து. அங்கே பூமியில் சுண்ணாம்புக்கல் உண்டு. சங்கரலிங்க ஐயர் முதலியோர் 1946-இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 1949-இல் ஆலை இயங்கத் தொடங்கியது. அவர் பெயராலேயே அவ்விடம் சங்கர் நகர் ஆயிற்று. அந்த ஆலைக்குரிய மைதானமே நம் கதையின் நாயகன்!

2016-இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் ‘தமிழ்நாடு பிரீமியர் லீக்’ என்னும் இருபது ஓவர் போட்டியை எட்டு அணிகளுடன் தொடங்கியது. சேப்பாக்கம், திண்டுக்கல்லை அடுத்த நத்தம், சங்கர் நகர் ஆகிய மூன்று மைதானங்களில் ஆட்டங்கள் நடந்தன.

அவ்வாண்டு கோப்பையை வென்றது எந்த அணி தெரியுமா? நம் தூத்துக்குடியின் பெயர் தாங்கிய ‘தூத்துக்குடி பேட்ரியாட்ஸ்’! இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸ் அணியை 122 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியது. அவ்வணியில் ஆடிய வாஷிங்டன் சுந்தர் 2017 டிசம்பரில் இந்திய அணியில் இடம்பெற்றார்.

ஆனால் இவ்வணிகளுக்கு உரிமையாளர்கள் உண்டு. உரிமை கைமாறினால் ஊரும் பெயரும் மாறலாம். 2021-இல் தூத்துக்குடி அணி ‘சேலம் ஸ்பார்டன்ஸ்’ ஆயிற்று. முன்பு திருவள்ளூர், பின்பு காஞ்சி என்று விளங்கிய வேறோர் அணி ‘நெல்லை ராயல் கிங்ஸ்’ ஆயிற்று. சாத்தான்குளத்தில் இருக்கும் நாம் தூத்துக்குடி மாவட்டத்தார். நமக்குரிய அணி சேலத்திற்குப் போக, பக்கத்து மாவட்டத்திற்கு ஓர் அணி வந்தது! 1986 வரை இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தவைதாமே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

2023 ஜூலை 12 அன்று சங்கர் நகரில் இறுதி ஆட்டம் நடந்தது. சொந்த மண்ணில் ஆடிய நெல்லை அணி, கோவை கிங்ஸ் அணியிடம் 104 ரன்னில் தோற்றது. 2024 டிசம்பரில் சிமெண்ட் நிறுவனமே அல்ட்ராடெக் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

அணியின் பெயர் மாறுகிறது. ஆலையின் உரிமை மாறுகிறது. மாறாமல் இருப்பது மைதானம் ஒன்றே. தூத்துக்குடிக்குப் பெயரும் கோப்பையும் கிடைத்தன. ஆனால் அப்போட்டிக்கெனச் சொந்த மைதானம் அமையவில்லை. ஆகவே பெயர் போனதும் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

எனவே பெரியோர்களே, கோப்பைக்கு முன்னே எங்களுக்கு மைதானம் தாருங்கள். 2023 முதல் பெண்களுக்கும் மகளிர் பிரீமியர் லீக் நடக்கிறது. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்?