ஆராய்ச்சி மணியும் மலைநாட்டு ஏழையும்

மனுநீதி கண்ட சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியொன்று கட்டுவித்தான் என்பதும், கன்றை இழந்த பசு வந்து அம்மணியை அசைத்தது என்பதும் நம்மவர் இளமைதொட்டே கேட்டறிந்த வரலாறு. அதனைக் கேட்போர் அரசனது நடுவுநிலையை வியப்பர். பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட உறுதியைப் போற்றுவர். அவ்வியப்பினிடையே சிறியதொன்றை நாம் மறந்துவிடுகின்றோம். அம்மணியை அசைத்தற்குக் கட்டணம் இல்லை, முத்திரை இல்லை, வழக்குரைப்பார் ஒருவரைப் பொருள் கொடுத்து அமர்த்த வேண்டியதும் இல்லை. கயிறும் பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்திலேயே தொங்கிற்று. நீதி உண்டு என்பது வேறு. அது எளியவர்க்கு எட்டும் என்பது வேறு. இரண்டும் கூடிய நாட்டிலேதான் அறம் நிலைபெற்றது எனலாம்.

நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா எனப் பரந்து கிடக்கும் தேயிலை மலைகளிலே வாழும் நம் மக்களுக்கு அக்கயிறு எட்டுகின்றதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விழா மலரில் இத்தகைய பொருள் எதற்கு என வினவுவார் சிலர் இருத்தல் கூடும். நம் கல்லூரியின் பழைய மாணவருள் சட்டத்தரணிகள் உளர். ஆசிரியர் பலர் உளர். அலுவலகங்களிலும் தோட்டங்களிலும் கடமையாற்றுவோர் உளர். சட்டம் ஒரு புறமும் அது தெரியாத ஏழை மறுபுறமும் நிற்க, இடையே பாலமாக நிற்கத் தக்கவர் இவர்களே. ஆதலின் இம்மலரிலும் இதற்கு இடம் உண்டு.

முதற்கண் ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ளல் வேண்டும். வழக்குகள் குற்றவியல், குடியியல் என இருவகைப்படும். களவு, கொலை முதலியவற்றிலே அரசே வழக்குத் தொடுக்கும். கூலிப் பாக்கி, குடியிருப்பு, நிலம், கடன், மணமுறிவு, பிள்ளைகளின் பொறுப்பு, நட்ட ஈடு ஆகிய குடியியல் விடயங்களிலோ, பாதிக்கப்பட்டவரே முன்வந்து கேட்டாலன்றி எவரும் கொடுப்பதில்லை. ஏழையின் வாழ்வைப் பெரிதும் அலைக்கழிப்பவை இவையே. ஒருவன் சிறைக்குப் போனால் ஊர் முழுதும் அறியும். முப்பது ஆண்டு உழைத்தவளுக்கு உரிய பணம் கிடையாது போனால் அவள் லயன் அறைக்கு அப்பால் அஃது எவர்க்கும் தெரிவதில்லை.

வறியவர்க்கு வழக்காடும் வழியைத் திறந்துவிட வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. இங்கிலாந்திலே ஏழாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1495ஆம் ஆண்டிலேயே, கட்டணமின்றி வறியவர் வழக்கிட இடமளிக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இலங்கையில் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிலே 'வறியவர் வழக்கு' என்பதற்கெனத் தனி அத்தியாயமே அமைக்கப்பட்டது. ஆயினும் முத்திரைச் செலவு நீங்கிய மாத்திரத்தே வழக்கு நடந்துவிடுவதில்லை. மனு வரைதல், சான்று திரட்டுதல், மன்றிலே எழுந்து வாதாடுதல் ஆகியவற்றிற்கெல்லாம் கற்றறிந்தோர் துணை வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்தே இங்கிலாந்து 1949இல் சட்ட உதவிச் சட்டத்தை இயற்றியது. பாரதம் 1976இல் தன் அரசியலமைப்பிலே 39அ என்னும் உறுப்புரையைச் சேர்த்து, இலவச சட்ட உதவியை அரசின் நெறியாக வகுத்தது. 1987இல் அதற்கெனச் சட்டமும் செய்தது. இலங்கையிலே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டத்தின் வாயிலாகச் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது.

மலைநாட்டு மக்களைப் பொறுத்தவரை, சட்டம் என்னும் சொல் துணை என்னும் பொருளிலே முதலில் வந்து சேரவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழே, வேலையை விட்டகன்ற தொழிலாளி குற்றவாளியாகக் கருதப்பட்டான். 'துண்டு' எனப்பட்ட சீட்டு முறை அவனையும் அவன் கடனையும் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாற்றிற்று. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் இக்கொடுமைகளை எதிர்த்துக் குரலெழுப்பினர். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. பின்னர் கோ. நடேசையர் தேயிலை மலைகளையே தம் பணிக்களமாகக் கொண்டு, பத்திரிகையாலும் பேச்சாலும் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். 1931இல் ஹட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தையும் தோற்றுவித்தார். உரிமை இன்னதென அறியாதவனுக்கு உரிமை இருந்தும் பயனில்லை என்பதே அவர் பணியின் உட்பொருளாகும்.

அவ்வறியாமைக்கும் ஆவணமின்மைக்கும் நம் மக்கள் கொடுத்த விலையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமும் காட்டும். மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும், 1946ஆம் ஆண்டு தொடங்குவதற்கு முன்னர் இந்நாட்டில் இடைவிடாது வசித்தமையை நிறுவுதல் வேண்டும் என்பது விதி. விண்ணப்பிப்பதற்கான இறுதி நாள் 1951 ஆகஸ்ட் 5. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. அவ்வழியே பிரசாவுரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்தினும் குறைவு. சட்டத்தின் நோக்கமே பலரை விலக்கியது என்பது மெய். அதனோடு, பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாமை, பெயர் ஓரிடத்தில் ஒருவாறும் பிறிதோரிடத்தில் வேறாகவும் இருந்தமை, விசாரணையில் எடுத்துச் சொல்ல ஆளில்லாமை ஆகியனவும் எத்தனையோ குடும்பங்களை வீழ்த்தின. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம், 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் ஆகியவற்றைக் கடந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் அத்துயரக்கதை ஒருவாறு முடிவுற்றது. குடியுரிமை கிடைத்தது, ஆயின் ஆவணக் குறையும் சட்ட அறியாமையும் அதனோடு ஒழிந்துவிடவில்லை.

இனிச் சட்ட உதவி ஆணைக்குழு செய்வது யாது எனக் காண்போம். நீதிமன்றங்கள் உள்ள நகரங்கள் பலவற்றில் அதன் நிலையங்கள் இயங்குகின்றன. உதவி நாடி வருபவர் கூறுவதைக் கேட்டு ஆலோசனை வழங்குதல் முதற்படி. வருமானம் குறித்த எல்லைக்குட்பட்டதாயும் வழக்கிலே நியாயம் உள்ளதாயும் காணப்பட்டால், சட்டத்தரணி ஒருவரை அமர்த்தி மன்றிலே தோன்றச் செய்தல் அடுத்த படி. வருமான எல்லை காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதாகலின் நிலையத்திலேயே கேட்டறிதல் நன்று. செல்பவர் தேசிய அடையாள அட்டை, வருமானத்தைக் காட்டும் சான்று, வழக்குத் தொடர்பான கடிதங்கள் ஆகியவற்றைக் கொண்டு செல்லல் வேண்டும். இது பிச்சையன்று, 'சட்டத்தின் முன் யாவரும் சமம்' என்னும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை வெறும் ஏட்டுச் சொல்லாக நின்றுவிடாதிருக்க நாடு செய்துள்ள ஏற்பாடு.

எத்தகைய விடயங்களிலே இவ்வுதவி தோட்ட மக்களுக்கு வேண்டியதாகின்றது? கொழுந்து பறித்து முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெறும் தாய் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்திலே ஐந்தாண்டுக்குக் குறையாது உழைத்தவர்க்குப் பணிக்கொடை உரியது. மாதச் சம்பளம் பெறாதவராயின், ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் என்பது கணக்கு. முப்பதாண்டுக்கு அது 420 நாட் சம்பளமாகும். சேவை முடிந்து 30 நாளுக்குள் அது கொடுக்கப்படல் வேண்டும். பிந்தினால் மேலதிகத் தொகையும் சேரும். இதனின் வேறானது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தந்த ஊழியர் சேமலாப நிதி. அதிலே தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12. 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியே நூற்றுக்கு 3 செலுத்துவார். மூன்றும் வெவ்வேறு பணம் என்பதை அறியாமல், ஒன்றைப் பெற்றதும் கணக்கு முடிந்ததென எண்ணித் திரும்புவோர் உளர்.

அத்தாய்க்கு வேறோர் இடர் காத்திருக்கலாம். பிறப்புப் பதிவிலே மீனாட்சி, செக்ரோலிலே மீனாச்சி, அடையாள அட்டையிலே மீனாம்பாள் என்றிருப்பின், மூவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் வரை சேமலாபப் பணம் வெளிவராது. சத்தியக் கடதாசி வரைதலும் பதிவைத் திருத்துதலும் சட்டம் அறிந்தார்க்குச் சிறுவேலை. அறியாதார்க்கோ ஆண்டுக்கணக்கான அலைச்சல்.

வேலை நீக்கம் பற்றிய முறைப்பாடுகளுக்குத் தொழில் நியாய மன்றங்கள் உள. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்துக்கு 1957இல் வந்த திருத்தம் அவற்றைத் தந்தது. சங்கத்தில் உறுப்பினராயிருப்பவர்க்காகச் சங்கமே அங்கு விண்ணப்பிக்கலாம். சந்தாவை நிறுத்தியவர், ஓய்வுபெற்றவர், சிறு தோட்டங்களிலே நாட்கூலிக்கு நிற்பவர் ஆகியோரே துணையற்று நிற்பவர். சட்ட உதவி முதலிற் சென்று சேர வேண்டியதும் இவர்களிடமே.

குடும்ப விடயங்கள் இன்னும் நுட்பமானவை. கணவனால் கைவிடப்பட்ட பெண்ணும் பிள்ளைகளும் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்திலே மாதப் பணம் கோரலாம். வீட்டினுள்ளே அடி உதைக்கு ஆளாகுபவர் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாதுகாப்புக் கட்டளை பெறலாம். குடியிருப்பைப் பொறுத்தும் சட்டம் மௌனமாயில்லை: தோட்ட விடுதிகளில் வசிப்போரை நீதிமன்றத் தீர்ப்பாணையின்றி வெளியேற்றலாகாது என 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 'நாளைக்கே அறையைக் காலி செய்' என்னும் வாய்ச்சொல் கட்டளையாகிவிடாது.

இவை அனைத்துக்கும் பொதுவான பகை காலந்தாழ்த்தலே. தொழில் நியாய மன்றத்துக்கு ஆறு மாதம்; உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்; காயத்துக்கும் இழப்புக்கும் நட்ட ஈடு கோர இரண்டாண்டு; எழுத்திலில்லா ஒப்பந்தத்துக்கு மூன்றாண்டு என எல்லைகள் வகுக்கப்பட்டுள. மாவட்ட நீதிமன்றத்தின் அழைப்பாணையைப் பெற்றும் அஞ்சியோ பொருள் தெரியாமலோ பெட்டியிலே பூட்டி வைப்பவர்க்கு எதிராக, அவர் இன்றியே தீர்ப்பு வழங்கப்படலாம். அத்தீர்ப்பாணை கைக்கு வந்து 14 நாளுக்குள் தக்க காரணம் காட்டினால் அதனை நீக்குமாறு கேட்கலாம். அதுவும் தவறின் வழி குறுகிவிடும்.

மொழி பற்றியும் ஒரு சொல். வடக்கு, கிழக்குக்குப் புறத்தே நீதிமன்ற மொழி சிங்களமே. எனினும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, வழக்காளி தமிழிலே தன் மனுவைச் சமர்ப்பிக்கவும், தனக்கு விளங்கும் மொழியிலே மொழிபெயர்ப்பைப் பெறவும் உரிமையுடையவன். விளங்காத தாளிலே கைநாட்டு வைக்க வேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை.

வழக்கு யாவும் மன்றுக்கே செல்ல வேண்டும் என்பதுமில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள், அயலார் பிணக்கு, சிறு கடன் முதலியவற்றை இரு திறத்தாரையும் இருத்திப் பேசித் தீர்க்கின்றன. அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை, செலவுமில்லை. ஆயின் வலியோனும் மெலியோனும் எதிரெதிரே அமருமிடத்து, தன் உரிமையின் அளவை முன்கூட்டியே அறிந்து செல்பவனே நியாயமான இணக்கத்துக்கு வருவான். அவ்வறிவைப் பெறவும் சட்ட உதவி நிலையம் பயன்படும்.

இத்துணை ஏற்பாடுகள் இருந்தும் ஏன் பலர் அணுகுவதில்லை? மலை உச்சித் தோட்டத்திலிருந்து நகருக்கு வந்து மீள ஒரு நாட் பேர் போய்விடும். பேருந்துச் செலவு வேறு. கந்தோர் என்றாலே உள்ளத்தில் ஓர் அச்சம். இவ்வச்சத்தைக் காசாக்கும் மனு எழுதும் தரகர் சிலரும் இடையே புகுந்து, இலவசமாகக் கிடைப்பதற்கும் விலை கூறுகின்றனர்.

இங்கேதான் நம் கல்லூரியின் மாணவர், பழைய மாணவர், ஆசிரியர் அனைவர்க்கும் பணியுண்டு. அது பெரும்பொருள் வேண்டும் பணியன்று. சம்பளச் சீட்டையும் வேலை நீக்கக் கடிதத்தையும் பத்திரப்படுத்தச் சொல்லுதல். பிறந்த குழந்தையை 42 நாளுக்குள் பதியவும், பெயரை எங்கும் ஒரே எழுத்திலே எழுதவும் பழக்குதல். வந்த கடிதத்தை வாசித்துப் பொருள் கூறி, அதிலுள்ள தேதியைக் குறித்துக் கொடுத்தல். முதல் முறை நிலையத்துக்குச் செல்பவரோடு துணையாகப் போதல்: இவ்வளவே. சட்டத்தரணிகளாய் விளங்கும் பழைய மாணவர், மாதத்தில் ஒரு நாளைத் தோட்டப் பாடசாலையொன்றிலே இலவச ஆலோசனைக்கு ஒதுக்குவாராயின், அவ்வொரு நாள் பல குடும்பங்களின் ஓராண்டு அலைச்சலைத் தீர்க்கும்.

கற்றோர்க்குச் சென்றவிடமெல்லாம் சிறப்பு என்பர். கற்றோர் சென்றவிடத்துள்ள எளியவர்க்கும் அதனால் ஒரு நன்மை விளைதல் வேண்டுமன்றோ? மணி கட்டப்பட்டுவிட்டது, கயிறு இன்னும் சற்று உயரத்திலே தொங்குகின்றது. அதனைத் தாழ்த்திக் கொடுக்கும் கைகள் நம்முடையனவாகுக. விழாக் காணும் நம் கலைக்கூடம் இத்தகைய கைகளை மேலும் மேலும் வளர்த்து நீடு வாழ்வதாகுக.