அரசலாற்றங்கரையில் ஒரு விண்கலத் துறை

1739-ல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தபோது, வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்து நூறு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. தெற்கே நாகப்பட்டினம் டச்சுக்காரர்கள் வசம். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் கடற்கரையில் மூன்று கொடிகள், மூன்று சுங்கங்கள், மூன்று சட்டங்கள். உள்ளே போனால் நெல்லையும் தண்ணீரையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு ராஜா. சின்னப் படகோடு ஒரு வியாபாரி இந்தக் கரையில் இறங்கினால், அவனுக்கு வாரத்துக்கு ஒரு வம்பு நிச்சயம்.

விண்வெளிக் கதைகளை மேசையில் உட்கார்ந்து ஆடும் ரோல் பிளேயிங் ஆட்டக்காரர்கள் இப்படி ஒரு வரைபடத்துக்காகவே வெளிநாட்டிலிருந்து கனமான புத்தகங்களை வரவழைக்கிறார்கள். புத்தக விலையோடு தபாலும் சுங்கமும் சேரும்போது கை நடுங்கும். எந்தப் புத்தகத்துக்கு அந்தக் காசு தகும், எதைக் காரைக்கால் கடைத்தெருவிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் ஆட்டம் என்ன என்று சொல்லிவிடலாம். நான்கைந்து பேர் கூடி உட்கார்கிறார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: ஒருவர் விமானி, ஒருவர் வைத்தியர், ஒருவர் யாரும் நம்பாத தரகர். நடத்துபவர் நிலைமையைச் சொல்வார். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்வீர்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். ஜெயிப்பவர், தோற்பவர் என்று யாரும் கிடையாது. 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதைத் தொடங்கிவைத்தது. இரண்டு வருஷத்தில் ஜேம்ஸ் வார்டு எழுதிய 'மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா' அதே ஆட்டத்தை விண்கலத்துக்குள் ஏற்றியது. 1977-ல் மார்க் மில்லர் எழுதி வந்த 'ட்ராவலர்' இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டது. கறுப்பு அட்டையில் மூன்று சின்னப் புத்தகங்கள், ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

விதிநூல் ஒன்று இருந்தால் ஆட்டம் நடக்கும். அதற்குமேல் வருவதெல்லாம் துணைநூல்கள்: கப்பல் வகைகள், ஆயுதங்கள், கிரகங்கள், பேரரசுகளின் வரலாறு. ஐம்பது வருஷத்தில் இவை அலமாரி அலமாரியாகப் பெருகிவிட்டன. பெரும்பாலானவை படிக்கச் சுகமானவை, மேசையில் பிரிக்கப்படாதவை. யாரோ ஒருவர் கற்பனை செய்த நானூறு கிரகங்களின் பட்டியலை ஆட்டத்தின் நடுவே யார் தேடிக்கொண்டிருப்பது? காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை, நமக்கு ஓர் இடத்தை உருவாக்கக் கற்றுத்தரும் புத்தகங்கள்.

ட்ராவலரின் உலகக் குறியீடு அதற்கு நல்ல உதாரணம். ஒரு கிரகத்தைப் பற்றித் தெரிய வேண்டியதையெல்லாம் ஓர் எழுத்திலும் ஏழு இலக்கங்களிலும் அடக்கிவிடும் முறை அது. துறைமுகத்தின் தரம், கிரகத்தின் அளவு, காற்று, நீர், மக்கள்தொகை, ஆட்சி, சட்டத்தின் கெடுபிடி, கடைசியாகத் தொழில்நுட்பம். காரைக்காலையே ஒரு கிரகமாக வைத்து எழுதிப் பார்க்கலாம். வாஞ்சூரில் துறைமுகம் இருக்கிறது, சரக்கு இறங்குகிறது, ஆனால் அங்கே கப்பல் கட்டுவதில்லை. ஏ, பி இரண்டும் கட்டும் துறைகளுக்கு உரியவை, ஆக 'சி'. அளவும் காற்றும் நீரும் பூமிக்கு உள்ளபடி 8, 6, 7. மக்கள்தொகை இலக்கம் பத்தின் அடுக்கு. 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தில் சுமார் இரண்டு லட்சம் பேர், எனவே 5. ஆட்சிக்கு 6 போடலாம்: வெளியிலிருந்து ஆளப்படும் இடம் என்று பொருள். 1954 நவம்பர் 1 வரை பாரிஸ். இன்றைக்கு நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரி. இன்றைக்கும் 6 தானா என்பதை ஊர்க்காரர்கள் டீக்கடையில் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

சட்ட இலக்கத்துக்கு இரண்டு பகடையை உருட்டி, ஏழைக் கழித்து, ஆட்சி இலக்கத்தைக் கூட்ட வேண்டும். சராசரியாக 6 வரும். தொழில்நுட்பம் 8. மொத்தம் சேர்ந்தால் சி867566-8.

இனிமேல்தான் வேடிக்கை. இந்த இலக்கங்களை வைத்து விதிநூல் வியாபாரக் குறிகளைக் கொடுக்கும். காற்று நான்கிலிருந்து ஒன்பது, நீர் நான்கிலிருந்து எட்டு, மக்கள் ஐந்திலிருந்து ஏழு என்றால் அது வேளாண் உலகம். மக்கள் இலக்கம் 4 முதல் 6 வரை என்றால் தொழில்மயமாகாத உலகம். காரைக்காலைப் பற்றி எதுவுமே தெரியாத ஓர் அமெரிக்க அட்டவணை, காவிரிக் கடைமடையைச் சரியாக அடையாளம் காட்டிவிடுகிறது: இங்கே நெல் மலிவு, இயந்திரம் கிராக்கி. வியாபாரக் கப்பல் வைத்திருப்பவர்கள் எதை ஏற்றி எங்கே விற்க வேண்டும் என்பது அந்த ஒற்றை வரியிலேயே கிடைத்துவிடும். எல்லையில் நந்தலாற்றையோ வாஞ்சூரையோ தாண்டினால் வேறு வரி, வேறு விலை, வேறு சட்டம். சாராயம் கடத்துகிறவர்களுக்காகச் சோதனைச் சாவடியும் உண்டு. நட்சத்திர வரைபடத்தின் பக்கத்து அறுகோணக் கட்டத்தில் சட்ட இலக்கத்தை இரண்டு கூட்டிப் போட்டால் முதல் நாள் ஆட்டத்துக்குக் கதை தயார்.

பாத்திரம் உருவாக்கும் முறையும் இந்த ஊருக்கு வாகாகப் பொருந்துகிறது. ட்ராவலர் பாத்திரங்கள் இளம் வீரர்களாக ஆரம்பிப்பதில்லை. பதினெட்டு வயதில் கடற்படையிலோ தரைப்படையிலோ சேர்ந்து, நான்கு நான்கு வருஷத் தவணைகளாக உழைத்து, பணி ஓய்வில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு வெளியே வரும்போதுதான் ஆட்டமே தொடங்கும். ஐந்து தவணை முடித்தால் ஓய்வூதியம். பழைய பதிப்பில் பாத்திரம் உருவாகும்போதே செத்துப்போகவும் வாய்ப்புண்டு. அரை மணி நேரம் பகடை உருட்டி, ஆடத் தொடங்கும் முன்பே ஆளைப் பறிகொடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, கடல் கடந்து போய், தவணை முடித்து, பென்ஷனோடு திரும்பிய 'சொல்தா' வீடுகள் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் உண்டு. தாத்தாவின் கதையை அப்படியே படிவத்தில் நிரப்பலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே கரையிலிருந்து ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டவர்களின் கதை இன்னும் கனமானது. ட்ராவலர் உலகத்தில் ஒளியை மிஞ்சும் வானொலி கிடையாது. எந்தச் செய்தியும் கப்பலில்தான் போகும், நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகும் ஒரு தாவலுக்கு ஒரு வாரம். கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்றைக்கு ட்ராவலரை மங்கூஸ் நிறுவனம் வெளியிடுகிறது. வாங்குவதென்றால் 2022-ல் திருத்தி வந்த அடிப்படை நூல் போதும். கப்பலைத் திருகு திருகாகக் கட்டிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் 'ஹை கார்டு'.

காசே செலவில்லாமல் தொடங்க நினைப்பவர்களுக்கு கெவின் கிராஃபோர்டின் 'ஸ்டார்ஸ் விதவுட் நம்பர்'. 2017 திருத்தப் பதிப்பின் பெரும்பகுதியை இலவசமாகவே தருகிறார். வேறு எந்த ஆட்டம் ஆடுகிறவர்களும் இதை அருகில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெருமை. ஒவ்வொரு உலகத்துக்கும் நூறு குணங்களில் இரண்டைப் பகடை போட்டுக் கொடுக்கச் சொல்கிறது. ஒவ்வொரு குணத்தின் கீழும் யார் எதிரி, யார் நண்பர், என்ன சிக்கல், எந்த இடம் என்று பட்டியல் இருக்கும். 'யாத்திரைத் தலம்', 'முன்னாள் போர்வீரர்கள்' இரண்டும் அந்த நூறில் உள்ளவை. இரண்டாவதற்குச் சொல்தா வீடுகள் போதும். முதலாவதற்குத் திருநள்ளாறு இருக்கிறது. சனிக் கிரகத்துக்காக மக்கள் கூடும் ஊர். அதன் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில விநாடி நின்றுவிடுகின்றன என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் கட்டுக்கதை வேறு. விஞ்ஞானத்தில் அது பொய். ஆட்டத்தில், எந்தக் கலமும் கடக்க முடியாத ஒரு வான்புள்ளியாக அதை வைத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டிவிடலாம்.

பயம் வேண்டுமென்றால் வேறு அலமாரி. 2018-ல் தொடங்கிய 'மதர்ஷிப்' மெலிந்த கையேடுகளால் ஆனது. வீரர்களுக்கான கையேட்டின் பிடிஎஃப் இலவசம். அதன் துணைநூல்களில் முதலில் சொல்ல வேண்டியது 'எ பவுண்ட் ஆஃப் ஃப்ளெஷ்': ஒரு விண்வெளி நிலையம், அங்கே மூச்சுக் காற்றுக்கும் வரி. கட்டாதவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதிலேயே நிலையத்தின் அரசியல் முழுவதும் வந்துவிடுகிறது. 'தி ஹாண்டிங் ஆஃப் இப்சிலான் 14' இன்னும் சிக்கனம். மூன்றாக மடித்த ஒரே தாளில் முழுச் சாகசம். ஜெராக்ஸ் கடையில் இருபுறமும் அச்சடித்தால் வேலை முடிந்தது. ஸ்வீடனின் ஃப்ரீ லீக் 2019-ல் கொண்டுவந்த 'ஏலியன்' ஆட்டம், அந்தப் படம் பார்த்தவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதன் தடித்த புத்தகத்தை ஒரு நாள் ஆட்டத்துக்காக வாங்குவது ஆடம்பரம். ஆரம்பப் பெட்டியே அதிகம்.

துணைநூல்கள் மேசையோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. 1987-ல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் 'ஸ்டார் வார்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டது. படத்தில் ஓரமாக நின்ற விசித்திர உருவங்களுக்கு இனப் பெயரும் ஊரும் வரலாறும் எழுதிச் சேர்த்தது அதன் துணைநூல்தான். பிறகு திமதி ஜான் புதிய ஸ்டார் வார்ஸ் நாவல் எழுத உட்கார்ந்தபோது, லூக்காஸ்ஃபிலிம் அவருக்குப் பார்வை நூல்களாக அனுப்பிவைத்தது இந்த ஆட்டப் புத்தகங்களையே. இன்னொன்று அவ்வளவு இனிமையானதல்ல. 1990 மார்ச் 1 அன்று டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் அலுவலகத்துக்குள் அமெரிக்க ரகசிய சேவை நுழைந்து கணினிகளை அள்ளிக்கொண்டு போனது. அச்சுக்குப் போகவிருந்த 'கர்ப்ஸ் சைபர்பங்க்' என்ற துணைநூலின் கையெழுத்துப் பிரதியும் அதோடு போயிற்று. அதைக் கணினிக் குற்றத்துக்கான கையேடு என்று அதிகாரிகள் சொன்னார்கள். 1993-ல் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது; நஷ்டஈடு 50,000 டாலர். இவ்வளவு விளம்பரம் வேறெந்தத் துணைநூலுக்கும் கிடைத்ததில்லை.

சொந்த மண்ணை ஆட்டப் புத்தகமாக்குவது இந்தியர்களுக்குப் புதிதுமல்ல. 2022-ல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' நூலை வழிநடத்திய இருவரில் ஒருவர் அஜித் ஜார்ஜ். அதில் மிமி மொண்டல் வங்க மண்ணை வைத்து ஒரு சாகசம் எழுதியிருக்கிறார். அது மாயாஜால உலகம், விண்வெளியல்ல. விண்வெளிக்கு வந்தால், 'என் இனிய இயந்திரா'வில் சுஜாதா கட்டிய அந்தக் கட்டுப்பாட்டு அரசாங்கமே பாதித் துணைநூல்.

உபகரணங்கள் விஷயத்தில் கஞ்சத்தனம் தவறில்லை. ட்ராவலருக்கு வேண்டியது ஆறுமுகப் பகடை இரண்டு. லூடோ பெட்டியில் இருக்கும். 'ஏலியன்' ஆட்டத்துக்கு இரண்டு நிறத்தில் பத்துப் பகடை: ஒரு நிறம் திறமைக்கு, மற்றது பதற்றத்துக்கு. பதற்றப் பகடையில் ஒன்று விழுந்தால் ஆள் நிலைகுலையலாம். மதர்ஷிப்புக்குப் பத்துமுகப் பகடை வேண்டும், இணையத்தில் கிடைக்கிறது. வரும்வரை பூஜ்யம் முதல் ஒன்பது வரை சீட்டு எழுதிச் சொம்பில் குலுக்கலாம்.

வீட்டிலிருக்கும் பித்தளைத் தாயக்கட்டையும் வேலைக்கு ஆகும். ஒவ்வொரு கட்டையிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். இரண்டையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். வெறுமையைப் பூஜ்யமாக வைத்துப் புள்ளிகளைக் கூட்டினால் நான்கும் அதற்கு மேலும் விழுவது பதினாறுக்கு ஆறு முறை, அதாவது 37.5 சதவீதம். ட்ராவலரில் ஜெயிக்க வேண்டிய எட்டும் அதற்கு மேலும் இரண்டு பகடையில் விழுவது சுமார் 42 சதவீதம். நெருக்கமான கணக்குதான். ஆனால் திறமைக்கு ஒரு புள்ளி சேர்த்தால் தாயக்கட்டையில் வாய்ப்பு 62.5 சதவீதமாகத் தாவும். பகடையில் 58 தான். இரண்டு புள்ளி சேர்த்தால் 81-க்கு 72. தேர்ந்த ஆட்களிடம் தாயக்கட்டை தாராளம் காட்டும். இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் 'பன்னிரண்டு' பதினாறில் ஒரு முறை வரும். அதை என்ஜின் வெடிப்புக்கோ தெய்வச் செயலுக்கோ ஒதுக்கிவைக்கலாம்.

நட்சத்திர வரைபடத்துக்கு அறுகோணத் தாள் தேடி அலைய வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு நெடுவரிசை விட்டு ஒரு நெடுவரிசையை அரைக் கட்டம் இறக்கி வரைந்தால், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு அண்டைக் கட்டங்கள் கிடைத்துவிடும். குறுக்கே எட்டு, நெடுக்கே பத்து. ட்ராவலரின் ஒரு துணைப்பகுதி முடிந்தது. நடத்துபவர் குறிப்புகளை மறைத்துக்கொள்ளும் திரைக்குப் பழைய தினசரி காலண்டர் அட்டை மூன்றைச் சேர்த்து ஒட்டினால் போதும். உட்புறத்தில் அட்டவணைகளை ஒட்டிவிட வேண்டும், இல்லையென்றால் திரைக்கு அர்த்தமில்லை. ஆட்களைக் காட்டச் சோழியும் புளியங்கொட்டையும். வெளிநாட்டு பிளாஸ்டிக் பொம்மைகள் அழகானவைதான், ஆனால் கடைசியில் வாங்க வேண்டியவை.

எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கிறதே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. ட்ராவலரின் பழைய விதிகளிலிருந்து 2016-ல் உருவான 'செஃபியஸ் என்ஜின்' திறந்த உரிமத்தில் வந்தது. அதைத் தமிழில் சுருக்கி, காரைக்காலையும் தரங்கம்பாடியையும் நாகையையும் மூன்று உலகங்களாகச் சேர்த்து, இருபது பக்கக் கையேடாக யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். உரிம வாசகத்தைக் கடைசிப் பக்கத்தில் முழுசாகப் போட வேண்டும். ட்ராவலர் என்ற பெயரையும் அதன் கதைக்களமான பேரரசையும் மட்டும் தொடக்கூடாது.