பழைய தளபாடங்களுக்குப் பழவெள்ளித் தோற்றம்

கால் ஆடும் கதிரை, நிறம் மங்கிய முகம்பார்க்கும் கண்ணாடிச் சட்டம், ஒரு கதவு கழன்ற சிறு அலுமாரி என்பன எமது வீடுகளின் பின்விறாந்தைகளில் கிடப்பதை நாம் காண்கிறோம். பலவற்றின் மரம் இன்னும் உறுதியானதே. தோற்றம் கெட்டுவிட்டதால் அவை விறகாகின்றன. இவற்றைத் திருத்தி, பழைய வெள்ளிப் பொருள் போன்ற தோற்றம் கொடுத்தால் வீட்டிலும் பயன்படுத்தலாம், விற்கவும் முடியும். பெரிய கருவிகள் தேவையில்லை. பொறுமையே தேவை.

பழவெள்ளி என்பது என்ன?

ஒரு பழைய வெள்ளிப் பாதசரத்தை உற்று நோக்குங்கள். புடைத்த பகுதிகள் உராய்ந்து பளிச்சிடும். பள்ளங்களில் கருமை தேங்கி நிற்கும். காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் வெள்ளியுடன் சேர்ந்து கரிய வெள்ளி சல்பைட்டு உண்டாவதே இதற்குக் காரணம். கை படும் இடத்தில் அது தேய்ந்துவிடும், படாத இடத்தில் தங்கிவிடும்.

ஐரோப்பாவில் அரச குடும்பத்தினர் மெய்யான வெள்ளியாலேயே தளபாடங்கள் செய்வித்தனர். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் வெர்சாய் அரண்மனையில் வைத்திருந்த வெள்ளித் தளபாடங்களை, போர்ச் செலவுக்காக 1689இல் உருக்கச் செய்தார். மரத்தின்மேல் மெல்லிய வெள்ளித்தாள் ஒட்டும் கலையும் அங்கு இருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் வெள்ளிநிறப் பெயின்றில் இருப்பது வெள்ளியன்று, அலுமினியம். அது வெள்ளியைப்போல் தானாகக் கறுக்காது. ஆகவே பழமையின் கருமையை நாமே, இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், உண்டாக்க வேண்டும். இத்தொழிலின் முழு நுட்பமும் இதுவே.

எதனைத் தெரிவு செய்வது?

கடைசல் கால்கள், செதுக்கு வேலைகள், விளிம்புச் சட்டங்கள் உள்ள பொருட்களே பொருத்தமானவை. தட்டையான பலகையில் இத்தோற்றம் எடுபடாது. தேக்கு, முதிரை, கருங்காலி போன்ற நல்ல மரங்களின்மேல் பெயின்ற் பூசுவது நட்டம். அவற்றைச் சுத்தம் செய்து மெருகிடுவதே மேல். மாம்பலகை, ஒட்டுப்பலகை, பல இடங்களில் ஒட்டுப்போட்ட மரம் ஆகியவற்றுக்கே இம்முறை உதவும். உளுத்துப்போன மரத்தைப் பூச்சினால் காப்பாற்ற முடியாது.

பழைய பூச்சில் உள்ள ஆபத்து

பழைய பெயின்றுகள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. இலங்கையில் பூச்சுகளில் ஈயத்தின் அளவுக்கு வரம்பு விதிக்கும் ஒழுங்குவிதிகள் 2013ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தன. எனவே அதற்கு முன்னர் பூசப்பட்ட பொருளில் ஈயம் இருக்கக்கூடும் என்று கருதியே வேலை செய்ய வேண்டும். ஈயத்தூசி உடலிற் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். கர்ப்பிணிகளுக்கும் அது கெடுதி. ஆகவே பழைய பூச்சை நெருப்பால் சுட்டு உரிக்கவோ உலர்ந்த நிலையில் தேய்க்கவோ கூடாது. நீர்ப்பொறுதியான அரத்தாளை நனைத்து, வீட்டுக்கு வெளியே, பழைய கடதாசி விரித்துத் தேய்க்க வேண்டும். கழிவைத் திரட்டிக் கட்டி அகற்றுங்கள். கிணற்றடியில் கழுவி ஊற்ற வேண்டாம். வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடையை மாற்றிய பின்னரே பிள்ளைகளைத் தூக்க வேண்டும். தொட்டில், விளையாட்டுப் பொருள் போன்று குழந்தைகள் வாய்வைக்கும் எதற்கும் இம்முறையைப் பயன்படுத்த வேண்டாம்.

செய்முறை

1. சவர்க்கார நீரால் துடைத்து நன்கு காயவிடவும். ஆடும் மூட்டுகளைத் தச்சுப் பசையால் இறுக்கி, வெடிப்புகளைப் புட்டியால் நிரப்பவும்.

2. முதலில் 120ஆம் இலக்க அரத்தாளாலும் பின்னர் 220ஆம் இலக்கத்தாலும் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் எடுக்கவும்.

3. பளபளப்பற்ற கறுப்பு அல்லது கடும் மண்ணிறப் பெயின்றை அடிப்பூச்சாக இடவும். ஒருநாள் காயவிடவும்.

4. வெள்ளிநிறப் பெயின்றை அடிவரை நன்கு கலக்கவும். அதிலுள்ள அலுமினியத் துணுக்குகள் நுண்ணிய தகடுகள். அவை ரின்னின் அடியில் படிந்துவிடும். பூசும்போது மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒளியைத் தெறிக்கச் செய்வனவும் அவையே. மெல்லிதாக, ஒரே திசையில், இரண்டு முறை பூசவும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒருநாள் இடைவெளி தேவை.

5. மேலும் இரண்டு நாட்களின் பின் 320ஆம் இலக்க அரத்தாளை நனைத்து, விளிம்புகளையும் புடைப்புகளையும் மெதுவாகத் தேய்க்கவும். கதிரையாயின் கைப்பிடியின் நுனி, முதுகுச்சட்டத்தின் மேல்விளிம்பு, கால் வைக்கும் குறுக்குச் சட்டம் ஆகியன உண்மையில் தேயும் இடங்கள். அங்கு மட்டும் அடிநிறம் சற்றுத் தெரிய வேண்டும். எல்லா இடமும் ஒரேயளவு தேய்ந்தால் பழமை தோன்றாது, பழுதே தோன்றும்.

6. சுவருக்குப் பூசும் கறுப்பு எமல்ஷன் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் சேர்த்து, ஒரு சாண் அளவான பகுதியில் பூசி, உடனே துணியால் துடைக்கவும். புடைப்புகளில் முழுதாகத் துடைபடவும் பள்ளங்களில் கருமை தங்கவும் வேண்டும். அளவு கூடினால், காயுமுன் ஈரத்துணியால் துடைத்துத் திரும்பச் செய்யலாம்.

7. மறுநாள் நீர் கலந்து பூசும் நிறமற்ற வார்னிஷ் ஒருமுறை பூசவும். எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகி வெள்ளித் தோற்றத்தைக் கெடுக்கும்.

மரத்தில் பூசுமுன் இவ்வளவையும் ஒரு பலகைத்துண்டில் செய்து பார்ப்பது நன்று. எண்ணெய்ப் பெயின்றோ தின்னரோ பயன்படுத்தும் இடத்தில் அடுப்பும் விளக்கும் எரியக்கூடாது. எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றலாம். அவற்றை வெளியில் விரித்துக் காயவிட வேண்டும். வடக்கு, கிழக்கில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பூச்சுக் காய அதிக நாள் எடுக்கும் என்பதையும் கணக்கிற் கொள்க.

வருமானமாக்குவது எப்படி?

ஒரு பொருளுக்குக் கை வேலை ஒன்றிரண்டு நாட்களே. காத்திருப்பதே ஒரு கிழமை. ஆகவே நான்கைந்து பொருட்களை ஒன்றாகத் தொடங்கினால் நாட்கள் வீணாகா, திறந்த ரின்னில் பெயின்ற் காய்ந்தும் போகாது. பெயின்ற், அரத்தாள், துணி ஆகியவற்றின் செலவோடு எமது உழைப்பின் கூலியையும் எழுதி வைக்க வேண்டும். கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்வதனால்தான் கிராமக் கைத்தொழில்கள் பல இலாபமுள்ளவை போலத் தோன்றி நின்றுபோகின்றன.

வாங்குபவரிடம் இது பூச்சு என்பதை நேராகச் சொல்லுங்கள். என்ன மரம், எங்கு ஒட்டுப்போட்டது என்பதையும் மறைக்க வேண்டாம். பழமையான பொருளென்று சொல்லி ஒருமுறை அதிக விலைக்கு விற்கலாம். நேர்மையாகச் செய்த திருத்தவேலைக்கோ அயலவரும் தம் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வருவர். முதலில் ஒரு சிறு கண்ணாடிச் சட்டத்தில் தொடங்குவோம். கை பழகியபின் கதிரைக்கும் அலுமாரிக்கும் செல்லலாம்.