67 வயசுல பாலிசி எடுக்கலாமா? ஒரு உசிலம்பட்டிக் கணக்கு

போன மாசம் உசிலம்பட்டியில் இருக்கும் சித்தப்பா போன் பண்ணினார். "ஏப்பா, எனக்கு 67 ஆச்சு. சுகர் வேற இருக்கு. இனிமே எவன் எனக்கு இன்சூரன்ஸ் குடுப்பான்?"

"விசாரிச்சுச் சொல்றேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் பாலிசிப் பத்திரங்களைப் படித்தேன். அதன் சுருக்கம் இது.

முதலில், கம்பெனிகள் ஏன் தயங்குகின்றன? 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் 65 வயது தாண்டியவர்களின் மருத்துவக் காப்பீட்டையும் உதாரணமாகச் சொல்கிறார். நம் உடம்பு நமக்குத் தெரியும்; கம்பெனிக்குத் தெரியாது. அதனால் பிரீமியத்தை ஏற்றுவார்கள். திடமாக இருப்பவர் "எனக்கெதுக்கு" என்று விலகுவார். மிஞ்சுவது நோயாளிகள். மறுபடி பிரீமியம் ஏறும்.

இந்தியாவில் 2024 ஏப்ரலில் ஐஆர்டிஏஐ விதிகளை மாற்றியது. 65 வயதுக்கு மேல் புதுப் பாலிசி கிடையாது என்று இப்போது சொல்ல முடியாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைந்தது. 2025 ஜனவரியில் இன்னொரு உத்தரவு: 60 தாண்டியவர்களின் பிரீமியத்தை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும்.

சரி, கதவு திறந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது? முதியோர் பாலிசிகளில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: கோ-பே, அறை வாடகை வரம்பு.

3 லட்ச ரூபாய் பாலிசி, 30 சதவீதம் கோ-பே, அறை வாடகை ஒரு நாளைக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். ராத்திரி நேரத்தில் ஆளைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். "சிங்கிள் ரூம்தான் காலியா இருக்கு, 6,000" என்கிறார்கள். வேறு வழி? 5 நாள் இருக்கிறோம்.

பில்: அறை 30,000. டாக்டர், நர்ஸ், ஆபரேஷன் தியேட்டர் 80,000. மருந்து, பரிசோதனை 70,000. மொத்தம் 1,80,000.

அறை வாடகை வரம்பைப் போல இரண்டு மடங்கு என்பதால், அறைக்கும் டாக்டர் வகையறாவுக்கும் பாதிதான் கணக்கில் வரும்: 15,000 + 40,000. மருந்து, பரிசோதனைக்கு இந்த வெட்டு இல்லை. ஆக 1,25,000. அதில் 30 சதவீதம் நம் பங்கு, 37,500. கம்பெனி தருவது 87,500. நம் கையிலிருந்து 92,500!

நகரத்துக்காரர் ஒரு நாள் பொறுத்து, பொது வார்டு கிடைக்கும் ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேரலாம். கிராமத்திலிருந்து வருபவருக்கு அந்த வசதி இல்லை. ஒரே பாலிசி, ஒரே பிரீமியம், ஆனால் மதிப்பு வேறு.

அரசுத் திட்டம்? 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது. வயது வரம்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். சித்தப்பாவுக்குக் கடை வாடகை மாசம் 12,000 வருகிறது. ஆண்டுக்கு 1,44,000. வெறும் 24,000 ரூபாயில் வெளியே!

2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் 5 லட்சம் வரை காப்பீடு தொடங்கியது. தனியார் பாலிசி வைத்திருப்பவரும் சேரலாம். எந்த ஆஸ்பத்திரி ஏற்கிறது என்று முன்னாலேயே விசாரித்து வைக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு உறைத்தது. சித்தப்பா இப்போது பாலிசி எடுத்து, சுகருக்கு 36 மாதம் காத்திருந்தால், வயது 70. அதுவரை அவருடைய முக்கியமான பயத்துக்குப் பாலிசி உதவாது. முதியோர் பாலிசிகள் சிலவற்றில் காத்திருப்பு 12 மாதம்தான். பதிலுக்குக் கோ-பே இருக்கும். அவருக்கு அந்த வகைதான் பொருந்தும், அதுவும் அறை வாடகை வரம்பு தாராளமாக இருந்தால்.

சொன்னேன். "அப்ப அந்தப் பங்குப் பணத்துக்கு?" என்றார். ஒரு லட்சத்தைத் தனியாக பேங்கில் போட்டு வைக்கச் சொன்னேன். சுகர் இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதவும் சொன்னேன்.

"அதை 50 வயசுலயே சொல்லியிருக்கலாம்லப்பா" என்றார். எனக்கு இப்போது 46. என் பாலிசியை எடுத்து அறை வாடகை வரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.