பெரியம்மாவின் பத்தாம் நம்பர் ஊசி

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு பின்னுவார். மதுரை வெயில் முற்றத்தில் கொளுத்தும் மத்தியான நேரத்தில், சாப்பாட்டுக் கடையை ஒழித்துவிட்டுத் தூணில் சாய்ந்து உட்காருவார். ஊல் உருண்டை மடியில் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் இமை இறங்கிவிடும். கை மட்டும் நிற்காது. தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பக்கத்தில் போனால் உதடு அசைவது தெரியும்: “ரெண்டு நிட், ரெண்டு பர்ல்.”

1970களின் பிற்பாதி அது. சொந்தத்தில் யாருக்காவது தலைப்பிரசவம் என்று சேதி வந்துவிட்டால் வீட்டில் ஒரு செட் தயாராக ஆரம்பிக்கும். குல்லா, முன்பக்கம் திறந்த சட்டை, குட்டிக் காலுறை. மதுரையில் எதற்கு ஊல் சட்டை என்று கேட்டால், “மார்கழிப் பனி இருக்குல்ல” என்பார். காலுறையின் கணுக்கால் பக்கம் வந்ததும் ஒரு வரிசை மட்டும் வேறு மாதிரி போடுவார். நூலை ஊசியின் மேல் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார், அடுத்த இரண்டு கண்ணையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுவார். மறுபடி ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்ப்பது. ஒரு கண் கூடும், ஒரு கண் குறையும். எண்ணிக்கை மாறாது, நடுவில் ஓட்டை மட்டும் விழும். அந்த ஓட்டை வரிசையில் நாடாவைக் கோத்துக் கட்டினால் குழந்தை எவ்வளவு உதைத்தாலும் காலுறை கழன்று விழாது. இதை அவர் எனக்குக் காட்டியபோது எனக்கு ஒன்பது வயது. வேண்டுமென்றே ஓட்டை போட்டு ஒரு துணியை உருவாக்கலாம் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

அவருடைய ஊசி பத்தாம் நம்பர். கம்பியின் கனத்தை அளக்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கு அது. எண் ஏற ஏற ஊசி மெலியும். எட்டாம் நம்பர் 4 மில்லிமீட்டர், பத்தாம் நம்பர் 3.25 மில்லிமீட்டர். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவுக்கான நூலும் அப்படியே, நாற்பதாம் நம்பர் நூல் இருபதை விட மெல்லியது. இந்தக் கணக்கிலேயே வளர்ந்துவிட்ட நான், போன வருஷம் என் அண்ணன் மகளிடம், “அந்தப் பத்தை எடுடி” என்று கேட்டேன். அவள் தன் பையைத் துழாவி விரல் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி ஊசியை எடுத்து நீட்டினாள். பத்து மில்லிமீட்டர்! அவளுடைய கணக்கில் எண் ஏறினால் ஊசியும் தடிக்கும்.

அவள் 2020 ஊரடங்கில் கற்றுக்கொண்டவள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்த்த மாதங்களில் யூடியூப் பார்த்து ஊசி பிடித்தாள். சொல்லிக்கொடுத்தவர்கள் எந்தெந்த நாட்டிலோ இருந்தவர்கள். எனக்கு அவள் முறையாக வந்த மாணவி இல்லை என்பதில் முதலில் ஒரு வருத்தம் இருந்ததை ஒளிக்கவில்லை. பெரியம்மா எனக்குக் காட்டியதை நான் யாருக்காவது காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். இவளோ பாதி வழி நடந்து வந்த பிறகுதான் என்னைக் கண்டுபிடித்தாள்.

முதல் மோதல் ஒரு தட்டு விரிப்பில் வந்தது. என் பழைய பேட்டர்ன் புத்தகத்தைப் பிரித்து நான் வாசிக்க வாசிக்க அவள் போட்டாள். நடுவில் ஆறு டபுள் குரோஷே, அடுத்த சுற்று பன்னிரண்டு, அதற்கடுத்தது பதினெட்டு. சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாக விரியும். நாலாவது சுற்றில், “அத்தை, இது கிண்ணமா வருதே” என்றாள். வாங்கிப் பார்த்தேன். எண்ணிக்கை சரி, கை சுத்தம், ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஓரமெல்லாம் மேலே எழும்பி நிற்கிறது. பிறகுதான் ஒவ்வொரு தையலின் உயரத்தைப் பார்த்தேன். நான் சொன்னதைப் போல இரண்டு மடங்கு உயரம். பிரிட்டிஷ் புத்தகத்தில் டபுள் குரோஷே என்று இருப்பதற்கு அமெரிக்காவில் பெயர் சிங்கிள் குரோஷே. அமெரிக்கர்கள் டபுள் என்பதை பிரிட்டிஷ்காரர்கள் ட்ரெபிள் என்பார்கள். நான் வெள்ளைக்காரன் விட்டுப்போன பாஷையில் வாசித்தேன். அவள் யூடியூப் பாஷையில் கேட்டாள். உயரமான தையலுக்குச் சுற்றுக்கு ஆறு போதாது, பன்னிரண்டு கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் வட்டத்துக்கு விரிய இடம் கிடைக்காமல் குழிந்து கிண்ணமாகிவிடும். அளவுக்கு மீறிக் கூட்டினால் பாவாடைக் கொசுவம் மாதிரி அலையடிக்கும். “பிரிச்சிரு” என்றேன். “முழுசாவா?” என்று கேட்டுவிட்டுப் பிரித்தாள்.

அந்த பிரிட்டிஷ் பாஷை எங்களுக்கு வந்த வழி ஒன்றும் ரகசியமில்லை. பாதிரிமார்களின் மனைவிகள் நடத்திய பெண்கள் பள்ளிகள் வழியாகத்தான் ஊசி வேலை இங்கே பாடமாக வந்தது. நாகர்கோவிலுக்கு 1819-ல் வந்த மார்த்தா மால்ட் அடுத்த ஓரிரு வருஷத்திலேயே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அது குரோஷா இல்லை. தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அங்கே படித்த பெண்களில் சிலர் அடிமைகளாக இருந்தவர்கள், லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். இந்த ஒரு செய்திக்காகவே அந்தத் தலையணை மேல் எனக்கு மரியாதை உண்டு.

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் இருந்தார். கைக்குட்டை ஓரத்துக்குக் குரோஷா போட்டுக் காட்டினால்தான் மார்க். நூல் வாங்கப் புதுமண்டபம் போவோம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, கல்தூண்களுக்கு நடுவே தையல்காரர்களின் மெஷின் ஓடும் சத்தத்தில் பேச்சே காதில் விழாது. ஆங்கர் நூல் என்று கேட்டு வாங்குவோம். அந்தப் பெயர் கோட்ஸ் என்ற ஸ்காட்லாந்து நிறுவனத்துடையது. எங்கள் ஊரில் ஹார்வி மில் என்று எல்லாரும் சொன்ன மதுரா மில்ஸ் 1974-ல் அதோடு சேர்ந்துதான் மதுரா கோட்ஸ் ஆனது. வெள்ளை, சந்தனம், ரோஸ். இந்த மூன்றிலேயே மதுரையின் பாதி ரேடியோக்கள் உறை போட்டுக்கொண்டன. பிறகு டிவி வந்தபோது அதற்கும் அதே உறை, கொஞ்சம் அகலமாக. புதுமண்டபக் கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அண்ணன் மகளுக்கு நூல் கூரியரில் வருகிறது. ஒருமுறை ஒரே எண்ணைச் சொல்லி வாங்கிய இரண்டு உருண்டைகள் வெவ்வேறு சாயத் தொட்டியிலிருந்து வந்து, குழந்தைப் போர்வையின் நடுவில் கோடு விழுந்தது. கடையில் நேரில் நின்றால் இரண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒட்டிவைத்துப் பார்த்திருப்போம்.

பிரிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எந்த ஸ்வெட்டரும் ஒருமுறை மட்டும் ஸ்வெட்டராக இருந்ததில்லை. பையன் வளர்ந்துவிட்டால் தையலை வெட்டி, கழுத்துப் பக்கத்திலிருந்து நூலின் நுனியைப் பிடித்து இழுப்பார்கள். ஒருவர் பிரிக்க, நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்க, நூல் என் கைகளில் சிட்டமாகச் சுற்றிக்கொள்ளும். சேமியா மாதிரி நெளிநெளியாக இருக்கும் அதை நனைத்து, அடியில் ஒரு கனத்தைக் கட்டிக் கொடியில் தொங்கவிட்டால் காய்வதற்குள் நெளிவு போய்விடும். நீல ஸ்வெட்டர் மறு வருஷம் நீலக் குல்லாவும் மஃப்ளரும் ஆகும். பின்னல் என்பதே ஒரு நூலில் போட்ட நீண்ட முடிச்சில்லாத வேலைதான். நுனி கிடைத்துவிட்டால் மொத்தமும் திரும்ப நூல்.

இன்றைக்கு அண்ணன் மகளின் வயதுக்காரர்களுக்குப் பிடித்த நூல் ஷெனில். பூனைக்குட்டியைத் தொடுகிற மாதிரி இருக்கிறது, பொம்மைக்கு அதைவிட அழகான நூல் இல்லை. ஆனால் அதைப் பிரிக்க முடியாது. இரண்டு தரம் பிரித்தால் ரோமம் உதிர்ந்து உள்ளே இருக்கும் இழை தெரிந்துவிடும். தையல் கண்ணுக்கும் தெரியாது. விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். தப்பு செய்து செய்து பழகிய எனக்கு, தப்பைத் திருப்பித் தராத ஒரு நூலில் புதிதாகக் கற்பவர்கள் எப்படித் துணிந்து ஊசி போடுகிறார்கள் என்பது வியப்பாகவே இருக்கிறது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் மாசம் பருத்தி நூல், வெளிர் நிறம், வழவழப்பானது. ஷெனில் அப்புறம்.

அவர்கள் செய்வது பெரும்பாலும் பொம்மைதான். அமிகுருமி என்று ஜப்பானியப் பெயர். அதற்காக அவர்கள் வைத்திருக்கும் ஒரு உத்தியை நான் கைகூப்பி ஏற்றுக்கொண்டேன். நாங்கள் வட்டம் ஆரம்பிக்க ஐந்து செயின் போட்டு, வளையமாகச் சேர்த்து, அதற்குள் பின்னுவோம். நடுவில் ஒரு ஓட்டை நிற்கும். விரிப்பில் அது அழகு. பொம்மையிலோ அந்த ஓட்டை வழியாக உள்ளே அடைத்த பஞ்சு எட்டிப் பார்க்கும். இவர்கள் நூலை விரலில் ஒரு சுற்று சுற்றி, அந்தத் தளர்ந்த வளையத்துக்குள்ளேயே ஆறு தையல் போடுகிறார்கள். பிறகு நுனியை இழுத்தால் வளையம் சுருங்கி ஓட்டை இருந்த இடமே தெரியாமல் மூடிக்கொள்கிறது. மேஜிக் ரிங் என்கிறார்கள். பெரியம்மா இதைப் பார்த்திருந்தால் அன்று முழுக்க வளையம் போட்டுப் போட்டு இழுத்துக்கொண்டே இருந்திருப்பார்.

நிட்டிங்கும் குரோஷாவும் ஒரே குடும்பம் என்று நினைப்பவர்கள் உண்டு. கைக்கு அவை இரண்டும் வேறு வேறு. நிட்டிங்கில் வரிசையின் அத்தனை கண்ணும் ஊசியில் உயிரோடு நிற்கும்; ஒன்று நழுவினால் ஏணிப்படி மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போகும். குரோஷாவில் எந்த நேரத்திலும் கொக்கியில் ஒரே ஒரு கண்தான். இந்த வித்தியாசம்தான் இரண்டின் தலையெழுத்தையும் பிரித்தது. கண்ணெல்லாம் வரிசையாக நிற்பதால் கண்ணுக்கு ஒரு ஊசி வைத்து மெஷின் செய்யலாம். இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-லேயே காலுறை பின்னும் சட்டகத்தைச் செய்துவிட்டார். அந்த வழியில் வந்த வட்ட மெஷின்கள்தான் 1920களிலிருந்து திருப்பூரைப் பனியன் ஊராக்கின. பனியனைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து உற்றுப் பாருங்கள். பெரியம்மாவின் நிட் அதே ‘வி’ வடிவத்தில் வரிசை வரிசையாக நிற்கும். திருப்பூர் வெட்டுக் கழிவைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி டி-ஷர்ட் நூல் என்று விற்கிறார்கள். அதை வாங்கித்தான் அண்ணன் மகள் பை பின்னுகிறாள். மெஷின் பின்னியதைக் கை மறுபடி பின்னுகிறது.

குரோஷாவை அப்படித் தொழிற்சாலை அளவில் செய்ய இன்னும் மெஷின் வரவில்லை. கொக்கி ஒவ்வொரு தையலுக்கும் வேறு இடத்தில் நுழைகிறது, திரும்புகிறது, தூக்குகிறது. கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் ‘குரோஷா லேஸ்’ வேறு வகை மெஷின் பின்னல், பார்வைக்கு மட்டும் அதைப் போல. ஆகவே துணிக்கடையில் உண்மையான குரோஷா மேல்சட்டை முந்நூறு ரூபாய்க்குத் தொங்கினால், அதை யாரோ ஒருவர் தன் இரண்டு கையால் மணிக்கணக்கில் போட்டிருக்கிறார். நான் அந்தச் சட்டைகளைக் கடந்து போக முடியாமல் நின்றுவிடுவேன். அந்தக் கைக்கு என்ன கொடுத்திருப்பார்கள்?

ஆந்திராவின் நரசாப்பூர் வட்டாரத்தில் பல தலைமுறைகளாகப் பெண்கள் வெளிநாட்டுக்குக் குரோஷா லேஸ் பின்னிக் கொடுக்கிறார்கள். மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அவர்களைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார். நாள் முழுக்கப் பின்னும் அவர்களை ஊரும் வியாபாரிகளும் தொழிலாளி என்று சொல்லாமல் வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் என்று சொன்னதால்தான் கூலி அவ்வளவு அடியில் கிடந்தது என்று அதில் காட்டினார். நரசாப்பூர் லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் கிடைத்த காப்பு கூலிக்கும் கிடைக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அதே சொல்தான் இருந்தது. “சும்மா இருக்கிற நேரத்துல போட்டது” என்று பெரியம்மாவே சொல்வார். விலை என்று அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அண்ணன் மகள் இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். சூரியகாந்திக் கொத்து, சாவிக்கொத்து, குழந்தைத் தொப்பி. முதலில் நூல் விலையோடு கொஞ்சம் சேர்த்துப் போட்டாள். இப்போது ஒரு நோட்டில் ஆரம்பித்த மணியும் முடித்த மணியும் எழுதுகிறாள். “கடையில இதைவிடக் குறைச்சலா கிடைக்குதே” என்று வருகிறவர்களுக்கு அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்புகிறாள். பாதிப் பேர் போய்விடுகிறார்கள், மீதிப் பேர் வாங்குகிறார்கள்.

தனியாகப் பின்னுவது என்பதும் மாறிவிட்டது. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று, பல ஊர்ப் பெண்கள் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டரில் போர்வை விரித்துக் கின்னஸில் ஏறினார்கள். அந்தப் படத்தை நான் வெட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சதுரமும் ஏதோ ஒரு வீட்டின் மத்தியானம்.

போன தீபாவளிக்கு அண்ணன் மகள் வந்தபோது பீரோவிலிருந்து பெரியம்மாவின் ரேடியோ உறையை எடுத்துக் கொடுத்தேன். இருபதாம் நம்பர் வெள்ளை நூல், இப்போது பாலேடு நிறம். இதற்குப் பேட்டர்ன் எங்கே என்று கேட்டாள். எழுதியதே இல்லை என்றேன். அவள் உறையை ஜன்னல் கம்பியில் வெளிச்சத்துக்கு எதிராகத் தொங்கவிட்டு, ஒரு ஊக்கைச் சுற்றின் ஆரம்பத்தில் குத்தி, நடுவிலிருந்து எண்ணத் தொடங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். எட்டுச் சுற்று சரியாக வந்தது. ஒன்பதாவதில் ஒரு தையல் அதிகம் இருந்தது. மூன்று முறை எண்ணினாள், மூன்று முறையும் அதிகம். பத்தாம் சுற்றில் அதே இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

“அத்தை, பெரியாத்தா இங்க ரெண்டைச் சேத்து ஒண்ணாப் போட்டுருக்காங்க. பிரிக்கவே இல்ல.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன். இரண்டு தையலும் தலையை ஒன்றாகச் சாய்த்துக்கொண்டு நின்றன.